பனிக்காலச் சவாரிக்கு ஏற்ற கையுறை

சித்தூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை, பங்காருபாளையத்தைக் கடந்த சிறிது தொலைவில் மேடேறத் தொடங்குகிறது. மொகிலி மலைப்பாதை என்று இவ்வட்டாரத்தார் வழங்கும் அந்த ஏற்றம் முடியும்போது, தக்காண மேட்டுநிலத்தின் விளிம்பை நாம் அடைந்துவிடுகிறோம். சித்தூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்திலும், மேலே உள்ள பலமனேர் ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. பேருந்தில் செல்வோருக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டாகத் தோன்றாது. மிதிவண்டியில் செல்வோர் அதனைத் தொடையிலும், மார்கழி, தை மாதங்களில் விரல் நுனியிலும் உணர்வர்.

ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத வேளையில், அலுவலக நண்பர்கள் நால்வர் சேர்ந்து அப்பாதையில் ஏறினோம். நால்வரும் பருத்திக் கையுறை அணிந்திருந்தோம். ஏற்றத்தில் உடல் சூடேறியது. உள்ளங்கை வியர்த்துக் கையுறை நனைந்தது. அது எங்களுக்கு இதமாகவே இருந்தது. மேலே தேநீர் அருந்திவிட்டு அதே கையுறையோடு இறங்கத் தொடங்கினோம். பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. இறக்கத்தின் பாதியில், எங்களுக்கு முன்னே தக்காளி ஏற்றிச் சென்ற லாரி ஒன்று திடீரென வேகத்தைக் குறைத்தது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மனம் கூறியது; விரல்கள் மடங்க மறுத்தன. எங்களில் ஒருவர் சாலையோர மண்ணில் வண்டியை இறக்கித் தப்பினார். முழங்கையில் சிராய்ப்போடு அந்தச் சம்பவம் முடிந்தது. ஆயினும் அன்று வீடு திரும்பிய பின் நெடுநேரம் நாங்கள் கையுறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இக்கட்டுரை அப்பேச்சின் தொடர்ச்சியே.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் மிதிவண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. விரல் ஒரு வினாடி தாமதித்தால் வண்டி நிற்கும் இடம் 11 மீட்டர் தள்ளிப்போகிறது என்பது அதன் பொருள். ஒரு லாரியின் நீளத்தை ஒத்த தொலைவு அது. கையுறை வாங்கும்போது நம்மில் பலர் எது அதிகச் சூடு தரும் என்று மட்டுமே வினவுகிறோம். அதைவிட முதன்மையான வினா, இதனை அணிந்த விரல் பிரேக்கை உரிய நேரத்தில், உரிய அழுத்தத்தோடு பிடிக்குமா என்பதாகும். மிகத் தடித்த கையுறையும், நனைந்த மெல்லிய கையுறையும் இவ்வினாவுக்கு முன் ஒன்றுபோலவே தோற்கின்றன.

நம் பகுதியின் குளிர்

குளிர்காலக் கையுறை என்றதும் கடைகளில் காட்டப்படுபவற்றுள் பல, பனி பொழியும் நாடுகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. நம் பகுதியின் குளிர் வேறு வகையைச் சேர்ந்தது. திருப்பதி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருமலை 850 மீட்டரை ஒட்டியது. மதனப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹார்ஸ்லி மலை 1,265 மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடப்பை ஆட்சியராக இருந்த ஹார்ஸ்லி என்பார் கோடை வெயிலுக்கு ஒதுங்க அங்கு ஒரு வீடு கட்டினார். மலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உள்ளூர் மக்கள் அதனை ஏனுகு மல்லம்மா கொண்டா என்றும் அழைப்பர்.

ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. இக்கணக்கின்படி திருப்பதிக்கும் ஹார்ஸ்லி மலையுச்சிக்கும் இடையே ஏறக்குறைய ஏழு டிகிரி வேறுபாடு இருக்க வேண்டும். திருப்பதியில் 18 டிகிரி எனில் மலையில் 11. இது சராசரிக் கணக்கே. மேகமற்ற குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்கி நிற்கும். ஏரிக்கரையை ஒட்டிய தாழ்ந்த சாலையில் நுழைந்ததும் திடீரென முகத்தில் குளிர் அறைவது இதனால்தான். மலையில் ஏறுவோருக்கு மட்டும் கையுறை வேண்டும் என்று எண்ணிவிடலாகாது.

வெப்பமானி 10 டிகிரி காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று நம்மீது வீசினால், அது ஏறக்குறைய 7 டிகிரி போல உணரப்படும் என்று 2001இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர்ச் சமன்பாடு கூறுகிறது. அண்டார்க்டிக்காவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர், குப்பியில் வைத்த நீர் எவ்வளவு விரைவில் உறைகிறது என்று அளந்து தொடங்கிய ஆய்வின் வழிவந்த சமன்பாடு அது. மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம். எங்களுக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் அச்சமன்பாடு உலர்ந்த தோலுக்கு உரியது. அன்று மொகிலியில் எங்கள் கைகள் உலர்ந்திருக்கவில்லை.

ஒரு கிராம் நீர் தோலின்மேல் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு பருத்திக் கையுறை பத்து கிராம் வியர்வையை எளிதில் குடித்துவிடும். இறக்கத்தில் மிதிக்கும் வேலை இல்லை. உடல் புதிதாக வெப்பம் உண்டாக்குவது பெரிதும் குறைகிறது. அதே நேரத்தில் காற்று வேகமெடுத்து அந்த ஈரத்தை உலர்த்தத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதி நம் விரல்களிலிருந்தே செல்கிறது. மேலும், நீர் காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். நம் மலைப்பாதைகளில் ஏறும்போது நனைவதும் இறங்கும்போது உறைவதும் ஒரே சவாரியின் இரு பகுதிகளாக அமைந்துவிடுகின்றன. ஒற்றைக் கையுறையால் இவ்விரண்டையும் சமாளிக்க இயலாது என்பதே எங்கள் முடிவு. ஏறுவதற்கு மெல்லிய கையுறை ஒன்று அல்லது வெறுங்கை. இறங்குவதற்குப் பையில் உலர்ந்த நிலையில் காத்திருக்கும் காற்றுத்தடுப்புக் கையுறை ஒன்று. விலையுயர்ந்த ஓர் இணை வாங்கும் தொகையில் எளிய இரண்டு இணைகள் வாங்குவது மேல்.

விரலுக்குள் நடப்பது

விரல்களை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரல்களில் இல்லை. அவை முன்கையில் உள்ளன. நீண்ட தசைநாண்கள் வழியாக, பொம்மலாட்டக்காரர் நூலை இழுப்பதுபோல, அவை விரல்களை இழுக்கின்றன. ஆகவே விரல்களில் வெப்பம் பிறப்பது மிகக் குறைவு. இரத்தம் கொண்டுவந்து தருவதே அவற்றின் வெப்பம். உடல் குளிரும்போது, இதயம், மூளை முதலிய உறுப்புகளைக் காக்கும் பொருட்டு, உடல் முதலில் விரல்களுக்கும் கால்விரல்களுக்கும் செல்லும் இரத்தத்தைச் சுருக்குகிறது. குளிர்ந்த விரல்களில் சற்று நேரத்திற்கு ஒருமுறை இரத்த நாளங்கள் தாமாகவே விரிந்து மீண்டும் சுருங்குவதும் உண்டு. இதனை 1930இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் விவரித்தார். மரத்துப்போன விரலில் திடீரெனச் சூடு பரவிக் குத்தலெடுப்பதை அனுபவித்தவர்களுக்கு அது புரியும்.

கையின் தோல் வெப்பநிலை ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்களின் செயல்நுட்பம் குறையத் தொடங்குகிறது. ஏறக்குறைய 8 டிகிரியில் தொடுஉணர்வே மங்குகிறது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை நமக்குத் தெரிவிப்பது தொடுஉணர்வே. அது மங்கியபின் நாம் ஒன்று குறைவாக அழுத்துவோம், அல்லது மிகையாக அழுத்திச் சக்கரத்தைப் பூட்டிவிடுவோம். பனி படிந்த சாலையில் பின்னதுவே அதிக ஆபத்து.

இதிலிருந்து, கையுறைக் கடைகளில் பெரும்பாலும் கூறப்படாத ஒரு செய்தி புலப்படுகிறது. விரல் குளிர்வதற்கு மருந்து பல நேரங்களில் விரலில் இல்லை. மார்பிலும் முன்கையிலும் மணிக்கட்டிலும் உள்ளது. நம் ஊர்களில் குளிர் வந்தால் தலைக்குக் குரங்குக் குல்லாவும் கழுத்துக்கு மஃப்ளரும் உடனே வந்துவிடும். மணிக்கட்டு மட்டும் சட்டைக்கும் கையுறைக்கும் இடையே திறந்தே கிடக்கும். நாடி பார்க்கும் அந்த இடத்தில் இரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. கையுறையின் கழுத்துப்பகுதி நீண்டு, மேற்சட்டையின் கைக்கு உள்ளேயோ வெளியேயோ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். கைகளை நீட்டி ஹேண்டிலைப் பிடிக்கும்போது சட்டைக்கை மேலேறும் என்பதையும் கருத்திற்கொண்டு இதனைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பார்த்துக் கையுறை

உங்கள் வண்டியில் உள்ள பிரேக் எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். பால் கேன் கட்டிச் செல்லும் கனத்த பழைய வண்டிகளில் இரும்புக் கம்பி பிரேக் இருக்கும். ஹேண்டிலுக்குக் கீழே ஓடும் அப்பிடியை நான்கு விரல்களாலும் சேர்த்து மேல்நோக்கி இழுக்கிறோம். இதற்கு வலிமை வேண்டும். நுட்பம் அவ்வளவாக வேண்டாம். ஓரளவு தடித்த கம்பளிக் கையுறையும் இங்குப் பொருந்தும். இன்றைய கியர் வண்டிகளிலோ ஒரு விரல் அல்லது இரண்டு விரல்களால் குறுகிய லீவரைத் தொட்டுப் பிடிக்கிறோம். கட்டைவிரலால் கியரை மாற்றுகிறோம். இங்கு விரல் நுனி தடித்திருந்தால் லீவருக்கும் ஹேண்டிலுக்கும் இடையே துணி சிக்கிக்கொள்ளும். கியர் வண்டிக்கு மெல்லிய விரல்நுனி இன்றியமையாதது. வட இந்தியாவில் குளிர் கடுமையான ஊர்களில் விற்கப்படும், நான்கு விரல்களும் ஒரே பைக்குள் அடங்கும் வகை வெப்பத்தை நன்கு காக்கும். ஆயினும் கியர் வண்டிக்கு அது ஏற்றதன்று.

கடையில் கையுறையை அணிந்துகொண்டு ஒரு நாணயச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தைக் கண்ணாடி மேசைமீது வைத்து, நகத்தால் நெம்பாமல் எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் அந்தக் கையுறையோடு கியரையும் மாற்ற முடியும். வங்கியில் பணிபுரிவோருக்கு இச்சோதனை இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. இதைவிடச் சிறந்தது, வண்டியையே கடை வாசல் வரை ஓட்டிச் சென்று, கையுறையோடு பிரேக்கைப் பத்து முறை பிடித்துப் பார்ப்பது. இணையத்தில் வாங்குவோருக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று பார்த்து வாங்குக.

அளவைப் பொறுத்தவரை, கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் சுற்றளவை விரல் மூட்டுகளுக்கு அருகே நாடாவால் அளக்க வேண்டும். ஐரோப்பிய அளவுமுறையில் 8 என்ற எண் 203 மில்லிமீட்டர் சுற்றளவைக் குறிக்கும். இறுக்கமான கையுறை சூடு தரும் என்று நம்புவோர் பலர். உண்மையில் அது இரத்த ஓட்டத்தை நெருக்கி விரலை மேலும் குளிரச் செய்கிறது; உள்ளே வெப்பத்தைத் தேக்கி வைக்கும் காற்றுப் படலத்திற்கும் இடமில்லாமற் செய்கிறது. மிகத் தளர்ந்தாலோ உள்ளங்கையில் மடிப்பு விழும். ஹேண்டிலைப் பிடித்த நிலையில் விரல் நுனிக்கும் துணிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதுமானது.

துணியும் தோலும்

பருத்தி நம் மண்ணின் துணி. கோடையில் அதற்கு ஈடில்லை. பனிக்காலச் சவாரிக்கு மட்டும் அதனைத் தவிர்க்க வேண்டும் என்று நாங்கள் சிராய்ப்பின் வழியே கற்றுக்கொண்டோம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பின்னரும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. நனைந்தும் ஓரளவு வெப்பம் காக்கும். அதன் குறை, காற்று அதனூடே புகுந்துவிடும் என்பது. பாலியெஸ்டரால் ஆன ஃபிளீஸ் துணி ஈரத்தை ஏற்காது, விரைவில் உலரும். அதனூடும் காற்று புகும். ஆகவே இவ்விரண்டும் உள்ளுறையாக நன்று. வெளியே நெருக்கமாக நெய்த நைலான் அல்லது காற்றுத்தடுப்புப் படலம் கொண்ட துணி இருக்க வேண்டும். அதுவும் கையின் புறத்தே இருந்தால் போதும். உள்ளங்கை ஹேண்டிலை அணைத்திருப்பதால் காற்று அங்கு நேராகத் தாக்குவதில்லை.

நீர் புகாத படலம் வைத்த கையுறைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் கோர் 1969இல் டெஃப்ளான் வகைப் பொருளை விரைந்து இழுத்து நுண்துளைப் படலமாக்கியதிலிருந்து இத்துறை வளர்ந்தது. நீர்த்துளி புகாது, நீராவி வெளியேறும் என்பது அதன் கோட்பாடு. நம் காலநிலையில், ஏற்றத்தில் பெருகும் வியர்வையின் வேகத்திற்கு அந்த நீராவி வெளியேற்றம் ஈடுகொடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் நாள்தோறும் வண்டி ஓட்டியாக வேண்டியவர்களுக்கு இது தேவைப்படலாம். வறண்ட ஜனவரிக் குளிருக்கு இதில் பணம் செலவிடுவது வீண் என்றே கருதுகிறோம்.

தோலைப் பொறுத்தவரை நாம் பேறு பெற்றவர்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்கள் நமக்கு அண்மையில் உள்ளன. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை இராணிப்பேட்டையும் ஆம்பூரும் சித்தூரும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தின் தலைநகரமும் சித்தூரே. ஆட்டுத்தோல் மெல்லியது, வளைந்துகொடுப்பது, காற்றை நன்கு தடுப்பது. உள்ளே மெல்லிய கம்பளி உறையும் வெளியே ஆட்டுத்தோல் கையுறையும் இணைந்த அமைப்பு, எங்கள் மதிப்பீட்டில், மதனப்பள்ளி, ஹார்ஸ்லி மலைப் பகுதிக்கு மிகப் பொருத்தமானது. இரண்டையும் சேர்த்து அணிந்து பார்த்த பின்னரே வெளியுறையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்; தனித்தனியே வாங்கினால் இறுகிவிடும். தோல் நனைந்தால் உலர நாளாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சில கையுறைகளில் பனித்துகள் போன்ற ஒரு குறியும் அதன் கீழே மூன்று எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அது ஈ.என். 511 என்னும் ஐரோப்பியத் தரம். முதல் எண் காற்றுவழிக் குளிரைத் தடுக்கும் திறன், இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது காக்கும் திறன், இவ்விரண்டும் 0 முதல் 4 வரை. மூன்றாவது நீர் புகாமை, 0 அல்லது 1. தொழிற்சாலைக் கையுறைகளுக்கு உரிய தரமாதலால், எண் உயர்ந்திருந்தால் நமக்கு நல்லது என்று கொள்ள வேண்டியதில்லை. நம் குளிருக்கு முதல் எண் 1 அல்லது 2 இருந்தாலே போதும். அதற்கு மேற்பட்டால் தடிப்பு மிகுந்து, நாணயச் சோதனையில் தோற்றுவிடும்.

உள்ளங்கைப் பஞ்சணையைப் பற்றியும் ஒரு சொல். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டின் அடியில் அல்னார் என்னும் நரம்பு குறுகிய வழியொன்றில் செல்கிறது. நெடுநேரம் ஹேண்டிலின்மீது உடலின் பாரத்தைச் சுமத்தினால் அது நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். இதனைக் குளிரால் வந்த மரத்தல் என்று தவறாக எண்ணி மேலும் தடித்த கையுறை வாங்குவோர் உண்டு. எல்லா விரல்களும் மரத்தால் பெரும்பாலும் குளிர். சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்தால் ஹேண்டிலின் உயரத்தையும் இருக்கையின் சாய்வையும் சரிபார்க்க வேண்டும். மெல்லிய ஜெல் அணை உதவும். தடித்த அணை பிடியின் பருமனைக் கூட்டி முன்கையைச் சோர்வடையச் செய்யும்.

அதிகாலைத் தொழிலாளருக்கு

இதுவரை கூறியவை பெரும்பாலும் விடுமுறை நாளில் விரும்பி ஓட்டுவோருக்கானவை. நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளருள் பலர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதிகாலையில் மிதிவண்டியில் செல்பவர்கள்: பால் கறந்து சேகரிப்பு நிலையத்திற்குக் கொண்டு செல்வோர், செய்தித்தாள் போடும் இளைஞர்கள், பூ வியாபாரிகள். இவர்களுள் கையுறை அணிந்தோரை நாங்கள் அரிதாகவே காண்கிறோம். நாளிதழை உருவி வீசவும், பால் அளக்கவும், சில்லறை எண்ணவும் விரல் திறந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கூறும் காரணம். அது நியாயமான காரணம்.

இவர்களுக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. விரல் நுனி மட்டும் வெட்டப்பட்ட கம்பளிக் கையுறை ஒன்று. மணிக்கட்டும் உள்ளங்கையும் சூடாக இருந்தாலே விரல்கள் பெருமளவு தாங்கும். கடும் குளிர் நாள்களில் அதன்மேல் மெல்லிய பாலித்தீன் உறையை மாட்டினால் காற்று தடுக்கப்படும். கால்மணி நேரத்திற்கு மேல் போனால் உள்ளே வியர்க்கும் என்பதால் அவ்வப்போது கழற்ற வேண்டும். மற்றொன்று, ஹேண்டிலின் இரு முனைகளிலும் மாட்டும் ரெக்சின் உறை. மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள்களில் இதனைப் பார்த்திருப்பீர்கள். இருக்கை தைக்கும் எந்தக் கடையிலும் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். வெறுங்கையை உள்ளே நுழைத்து பிரேக்கைப் பிடிக்கலாம். கையை வெளியே எடுத்தால் விரல்கள் வேலைக்கு ஆயத்தமாக இருக்கும். வாய் அகலமாகவும் விறைப்பாகவும் இருக்கும்படி தைக்கச் சொல்லுங்கள். வண்டி சாயும் வேளையில் கை உள்ளே மாட்டிக்கொள்ளலாகாது. திருப்பதி நகருக்குள்ளும், புத்தூர், நகரி, காளஹஸ்தி போன்ற தாழ்ந்த ஊர்களிலும் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

விரலைக் காப்பதில் வங்கி தொடர்பான ஒரு பயனும் உண்டு. குளிரில் வறண்டு வெடித்த விரல் நுனியின் ரேகையைக் கருவிகள் எளிதில் படிப்பதில்லை. ஆதார் வழியாகப் பணம் எடுக்க வருவோரும், நவம்பரில் வாழ்நாள் சான்று அளிக்க வரும் ஓய்வூதியர்களும் இதனால் மீண்டும் மீண்டும் விரலை வைக்க நேரிடுவதைக் காண்கிறோம். இரவில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுவது நன்மை தரும். ஆனால் எண்ணெய்க் கையோடு கையுறையையும் பிரேக்கையும் தொட வேண்டாம்.

கைப்பேசித் திரை விரலின் மின்தன்மையை உணர்ந்து செயல்படுவது. சாதாரணத் துணி அதனைத் தடுத்துவிடும். மின்கடத்தும் இழை சேர்த்த விரல்நுனி கொண்ட கையுறைகள் கிடைக்கின்றன. அழைப்பை ஏற்கவும் வரைபடம் பார்க்கவும் அவை போதும். தேநீர்க் கடையில் யுபிஐ வழியே பணம் செலுத்துவதற்கு மட்டும் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு இரகசிய எண்ணை இடுங்கள். தடித்த விரல் நுனி பக்கத்து எண்ணை அழுத்திவிடும்; தவறான எண்ணைப் பலமுறை இட்டால் பரிவர்த்தனை சிறிது காலம் தடுக்கப்படும். தொகையில் ஒரு சுழியம் கூடிவிடுவது அதனினும் துன்பம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சிலருக்குக் குளிர் பட்டதும் விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்து, பின் நீலமாகி, சூடு ஏறும்போது சிவக்கும். 1862இல் மோரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நிலை இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. இவ்வாறு நேர்ந்தால் கையுறையை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரைக் காண்பது நலம். புகைபிடிப்போருக்கு விரல் நாளங்கள் மேலும் சுருங்கும். நீரிழிவு உள்ளவர்களின் நரம்புகள் முன்னரே உணர்விழந்திருக்கக்கூடும். அவர்களுக்கு விரல் குளிர்ந்தது தெரியாமலே போகலாம். அத்தகையோர் சவாரியின் நடுவே நின்று, கையுறையைக் கழற்றி, விரல் நிறத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்த விரலை டீக்கடை அடுப்பருகே காட்டிச் சூடேற்றுவது எவருக்கும் ஆகாது, உணர்வற்ற தோல் வெந்துபோவது தெரியாது. அக்குளில் வைத்துக்கொள்வதே போதுமானது.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பளியைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் விரல்கள் நீண்டுவிடும். காற்றுத்தடுப்புத் துணிக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் இடலாகாது. தோல் கையுறையை வெயிலில் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே வந்தால் இரண்டு நாளில் உலரும். மொகிலியில் நனைந்த எங்கள் பருத்திக் கையுறைகள் இப்போது வண்டிச் சங்கிலி துடைக்கப் பயன்படுகின்றன.